தரையோடு பூட்டிய வாஷிங் மெஷின்: பெண்டிக்ஸ் ஹோம் லாண்ட்ரி – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், சௌத் பெண்ட் நகரிலிருந்த பெண்டிக்ஸ் நிறுவனம் 1937-ல் ஒரு மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முன்பக்கம் வட்டக் கதவு, உள்ளே கிடைமட்ட அச்சில் சுழலும் ஓட்டைகள் கொண்ட டிரம், துவைத்து அலசிப் பிழிவது வரை எல்லாவற்றையும் தானே நடத்தும் டைமர். வீட்டு உபயோகத்துக்கு வந்த முதல் தானியங்கி வாஷிங் மெஷின் இதுதான். அதுவரை வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் தொட்டியில் துடுப்பு சுழலும் வகை. துவைத்த துணியை ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே கையால் நுழைத்துப் பிழிய வேண்டும்.

இன்றைய ஃப்ரண்ட் லோட் மெஷினைப் பார்த்துப் பழகியவருக்கு பெண்டிக்ஸின் முகம் அந்நியமாகத் தெரியாது. ஒரே ஒரு வித்தியாசம்தான் உறுத்தும். அதை போல்ட் போட்டுத் தரையோடு பூட்ட வேண்டும். பூட்டாமல் ஓட்டினால் பிழியும் நேரத்தில் நடக்க ஆரம்பித்துவிடும்.

இந்த போல்ட்டை அந்தக் காலத்து வடிவமைப்பாளர்களின் சோம்பல் என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். அது சரியான தீர்ப்பு அல்ல. டிரம்முக்குள் ஒரு பக்கமாகச் சேரும் ஈரத்துணி உண்டாக்கும் விசையை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்பதே கிடைமட்ட டிரம் மெஷினின் அடிப்படைக் கேள்வி. பெண்டிக்ஸ் அதைத் தரையில் இறக்கியது. அடுத்து வந்தவர்கள் ஸ்பிரிங்கிலும் கனத்திலும் இறக்கினார்கள். கதவின் ரப்பர், குழாய்கள், கியர்பாக்ஸ், பேரிங், கடைசியில் எந்த வீட்டுக்கு விற்கலாம் என்பதுவரை எல்லாமே இந்த முடிவையொட்டியே அமைந்தன.

ஒரு டிரம், இரண்டு வேகம்

துவைக்கும்போது துணி டிரம்மோடு மேலே ஏறி, உச்சிக்குச் சற்று முன்னால் பிரிந்து தண்ணீரில் விழ வேண்டும். அந்த அடிதான் அழுக்கை எடுக்கிறது. டிரம் வேகமாகச் சுற்றினால் துணி சுவரோடு ஒட்டிக்கொண்டு விழாமல் போகும். ஒட்டிக்கொள்ளும் எல்லை வேகத்தைக் கணக்கிடுவது எளிது. 55 செ.மீ. விட்டமுள்ள டிரம்முக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 57 சுற்று. ஆகவே 45 முதல் 50 சுற்றுக்குள் ஓட்டினால் துணி நன்றாகப் புரளும். 40-க்குக் கீழே போனால் அடியிலேயே வழுக்கிக்கொண்டு கிடக்கும்.

பிழியும்போது நிலைமை நேர்மாறு. துணி சுவரோடு ஒட்டியே ஆகவேண்டும், தண்ணீர் மட்டும் ஓட்டை வழியே வெளியேற வேண்டும். பெண்டிக்ஸ் பிழிந்த வேகம் சுமார் 300 சுற்று. அதே 55 செ.மீ. டிரம்மில் இது புவியீர்ப்பைப் போல் 28 மடங்கு. இன்றைய மெஷின் 1,200 சுற்றில் ஓடும்போது கிட்டத்தட்ட 440 மடங்கு. வேகம் நான்கு மடங்கானால் விசை பதினாறு மடங்காகிறது. பெண்டிக்ஸில் துவைத்த துணி கொடியில் போடும்போது இன்றைய துணியைவிட கனமாகவே இருக்கும்.

60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டார் நிமிடத்துக்கு 1,725 சுற்று ஓடும். அதிலிருந்து 48 சுற்றுக்கு இறங்க 36-க்கு 1 என்ற விகிதம் வேண்டும், 300 சுற்றுக்கு 5.75-க்கு 1. மோட்டாரின் வேகத்தை மாற்ற அன்று வீட்டு மெஷினுக்குக் கட்டுப்படியாகும் மின்னணு வழி எதுவும் கிடையாது. எனவே இரண்டு வேகங்களுக்கும் தனித்தனிப் பல்சக்கரப் பாதை கொண்ட கியர்பாக்ஸையே வைத்தார்கள். பெண்டிக்ஸ் சர்வீஸ் கையேட்டில் இதன் அமைப்பைக் காணலாம். வீட்டுச் சாமானுக்கு என்று இல்லாமல், கார் கியர்பாக்ஸின் சின்ன வடிவம்போல் கட்டப்பட்டிருக்கிறது. மெஷினின் விலை ஏறியதற்கு இதுவும் டைமரும் முக்கியக் காரணங்கள்.

இரண்டு வேகம் மட்டுமே உள்ள கியர்பாக்ஸுக்கு ஒரு குறை உண்டு. நடுவேகம் கிடையாது. இன்றைய மெஷின் பிழியப் போகும் முன் டிரம்மை 80, 90 சுற்றில் கொஞ்ச நேரம் ஓட்டி, துணியைச் சுவர் முழுதும் பரப்பிப் பார்க்கும். பரவவில்லை என்றால் நிறுத்தி மறுபடி புரட்டும். பெண்டிக்ஸ் 50-ஐ ஒட்டிய வேகத்திலிருந்து நேராக 300-க்குத் தாவும். அந்த நொடியில் துணி எங்கே கிடந்ததோ அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியும் டிரம்மும் சேர்ந்த சுழல் நிறையை 300 சுற்றுக்கு ஏற்ற ஏறத்தாழ 500 ஜூல் ஆற்றல் தேவை. கால் கிலோவாட் மோட்டாருக்கு அது சில விநாடி வேலை. அந்தச் சில விநாடியில் துணிக்கு ஒழுங்காகப் பரவ நேரம் இல்லை. கியர் பற்களுக்கும் அந்தத் தாவலின் அதிர்ச்சி ஒவ்வொரு முறையும் விழுகிறது.

போல்ட் எதற்கு?

ஒரு கிலோ ஈரத்துணி டிரம்மின் மையத்திலிருந்து 25 செ.மீ. தள்ளி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 300 சுற்றில் அது உண்டாக்கும் விசை 247 நியூட்டன், அதாவது 25 கிலோ பாரம். இந்த 25 கிலோ விநாடிக்கு 5 முறை மேல், பக்கம், கீழ், மறுபக்கம் என்று சுற்றிச் சுற்றி இழுக்கிறது.

மெஷின் 100 கிலோ எடை என்றால் 25 கிலோ இழுவை அதை அசைக்காது என்று தோன்றும். ஆனால் தரைப்பிடிப்பு எடையை நம்பியது. விசை மேல்நோக்கி இழுக்கும் கணத்தில் தரையை அழுத்தும் எடை குறைகிறது, பிடிப்பும் கூடவே குறைகிறது. பக்க இழுவை அந்த நேரம் பார்த்துச் சேர்ந்தால் மெஷின் வழுக்கும். உராய்வுக் குணகம் 0.3 உள்ள வழவழப்பான தரையில் 100 கிலோ மெஷின் வழுக்க 280 நியூட்டன் போதும். அதாவது ஒரு பக்கச் சுமை ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டினாலே மெஷின் நகரத் தொடங்கும். ஒற்றைக் குளியலறைக் கால்மிதியைத் தனியாகப் போட்டால், தண்ணீர் குடித்த நிலையில் அது இரண்டு கிலோவைச் சுலபமாகத் தாண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வழுக்கினால்கூட நிமிடத்தில் 30 செ.மீ. நடந்துவிடும். அதற்குள் தண்ணீர்க் குழாய் இழுபடும்.

கான்கிரீட் தரையில் போல்ட் போட்டால் கதை முடிந்தது, சரியாகப் போட்டால். பிழியும் நேரம் ஆறு நிமிடம் என்றால் ஒரு தடவைக்கு 1,800 முறை போல்ட் இழுபட்டுத் தளர்கிறது. இப்படி மாறிமாறி வரும் இழுவையில் நட்டு தானாகக் கழன்றுகொள்ளும். கழன்று அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்துவிட்டால் அதுவரை வெறும் இழுவையாக இருந்தது சுத்தியல் அடியாக மாறும். ஓட்டை பெரிதாகும், போல்ட்டைச் சுற்றியுள்ள சிமெண்ட் பொடியும், பிறகு எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. இந்த வகை மெஷினில் "திடீரென்று சத்தம் அதிகமாகிவிட்டது" என்ற புகாருக்கு டிரம்மைப் பிரிக்கும் முன் போல்ட்டைப் பார்க்க வேண்டும். மேலே இன்னொரு நட்டு இறுக்கிப் பூட்டுவது, முதல் சில துவைப்புக்குப் பின் மறுபடி இறுக்குவது, புதிதாக ஊற்றிய தளம் என்றால் முழுதாக இறுகும்வரை பொறுப்பது ஆகிய மூன்றும் கட்டாயம்.

மரத்தளம்தான் பெண்டிக்ஸின் உண்மையான எதிரி. அமெரிக்க வீடுகளில் அடித்தளத்துக்கு மேலே உள்ள தரை பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் பலகை. பலகையில் மட்டும் போல்ட் போட்டால் பலகையே பிடுங்கிக்கொள்ளும், கீழிருக்கும் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தாலும் தளம் தானே ஒரு ஸ்பிரிங். ஒரு பாரம் ஏறியதும் தளம் 10 மி.மீ. தாழ்கிறது என்றால், அந்தப் பாரமும் தளமும் சேர்ந்து ஊசலாடும் இயல்பு அதிர்வெண் ஏறத்தாழ 5 ஹெர்ட்ஸ். அதாவது நிமிடத்துக்கு 300. பெண்டிக்ஸ் பிழியும் வேகமும் அதேதான். இரண்டும் ஒத்துப்போனால் ஆட்டம் பலமடங்காகும். வீட்டுப் பாத்திரங்கள் எல்லாம் குலுங்கும். தளம் 3 மி.மீ. மட்டுமே தாழும் அளவுக்கு விறைப்பாக இருந்தால் அதிர்வெண் 9 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், 300 சுற்றில் ஆபத்து இல்லை. ஆனால் அதே தளத்தில் 540 சுற்றில் பிழியும் மெஷினைப் பூட்டினால் மறுபடி மாட்டிக்கொள்வோம். பூட்டிய மெஷினின் வேகத்தை ஏன் விருப்பம்போல் கூட்ட முடியவில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. வேகம் கூடினால் விசையும் இருபடியாகக் கூடும், தளத்தின் அதிர்வெண்ணும் கிட்டத்தில் வந்து நிற்கும்.

வாடகை வீட்டில் தரையைத் துளைக்க யார் விடுவார்கள் என்பது தனிப் பிரச்சினை. இயந்திரக் குறையைவிட விற்பனையை அதிகம் கெடுத்தது அதுவாகக்கூட இருக்கலாம்.

பூட்டியதால் கிடைத்த லாபம்

குறையை மட்டும் சொல்வது நியாயமில்லை. டிரம்மைச் சுற்றித் தண்ணீரைத் தாங்கும் வெளித்தொட்டி அசையாமல் இருப்பதால் கதவு நேராகத் தொட்டியின் வாயிலேயே மூடும். ஓரத்தில் ஒரு ரப்பர் வளையம் போதும். இன்றைய மெஷினில் கதவுக்கும் ஆடும் டிரம்முக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக இருக்கும் பெரிய ரப்பர், அதில் தேங்கும் தண்ணீர், கறுப்புப் பூஞ்சை, சிக்கிக்கொள்ளும் சாக்ஸ் ஆகிய எதுவும் இங்கே கிடையாது. தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும் வளைந்துகொடுக்க வேண்டியதில்லை. மோட்டாரும் கியர்பாக்ஸும் டிரம்மும் ஒரே சட்டத்தில் இருப்பதால் பெல்ட்டின் நேர்கோடு மாறாது. உடையக்கூடிய ஸ்பிரிங்கும் இல்லை, ஆட்டத்தை அடக்கித் தானும் தேயும் டேம்பரும் இல்லை.

ஆனால் அசையாத அமைப்பில் அந்த 25 கிலோ இழுவை முழுதும் டிரம்மின் பின்பக்க பேரிங் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. டிரம்மை முன்பக்கம் எதுவும் தாங்கவில்லை. பின்னால் மட்டும் பிடித்த தண்டில் அந்தரத்தில் நிற்கிறது. சுமை பேரிங்கிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு நெம்புகோல் வேலை செய்யும். அதனால் தண்டும் பேரிங்கும் இன்றைய மெஷினோடு ஒப்பிட்டால் முரட்டுத்தனமாகப் பெரிதாக இருக்கும். இத்தனை ஆண்டு கழித்தும் சில மெஷின்கள் ஓடுவதற்கு இந்த முரட்டுத்தனமே காரணம்.

ஆடவிட்டுப் பிடித்தல்

வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் லாண்ட்ரோமேட் மாற்று வழியில் போனது. தரையில் பூட்ட வேண்டாம் என்பதே அதன் பெரிய விற்பனை வாக்கியம். போருக்குப் பிந்தைய மாடல்களில் முன்முகம் சாய்வாக இருக்கும், டிரம்மும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். குனியாமல் துணி போடலாம் என்பது வெளியில் தெரியும் வசதி. உள்ளே இன்னொரு லாபமும் உண்டு. சாய்வினால் துணி பின்பக்கம், பேரிங்குக்கு அருகில் சேரும், நெம்புகோல் குறையும். கீழ்நோக்கித் திறக்கும் கதவையே தராசாக்கி, துணியை எடைபோட்டு அதற்கேற்பத் தண்ணீர் அளவைத் திருகிவைக்கும் ஏற்பாடும் லாண்ட்ரோமேட்டில் இருந்தது. அழகான யோசனை. எத்தனை பேர் தினமும் எடைபோட்டார்கள் என்பது வேறு விஷயம்.

தொங்கவிடும் முறையின் கணக்கு இது. டிரம், தொட்டி எல்லாவற்றையும் ஒரு கட்டாக்கி ஸ்பிரிங்கில் தொங்கவிட்டால் அந்தக் கட்டுக்கு ஒரு இயல்பு அதிர்வெண் வரும். ஸ்பிரிங் பாரத்தில் 4 செ.மீ. நீண்டால் அது 2.5 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 150. பிழியும் வேகம் இதற்கு மேலே நன்றாகத் தாண்டிப் போய்விட்டால், கட்டு தன் புதிய எடை மையத்தைச் சுற்றித் தானே சுழலப் பழகிவிடும். தரைக்குப் போகும் விசை மிகவும் குறையும். 60 கிலோ கட்டில் முன்சொன்ன ஒரு கிலோ சுமை இருந்தால் கட்டு 4 மி.மீ. மட்டும் ஆடும். 40 கிலோ கட்டு என்றால் 6 மி.மீ.க்கு மேல். இன்றைய மெஷினில் கான்கிரீட் கட்டியைத் தொட்டியோடு முடுக்கியிருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். கனம் வேண்டியது ஆடும் கட்டுக்கு. வெளிப்பெட்டியில் எவ்வளவு கனம் ஏற்றினாலும் ஆட்டம் குறையாது.

கஷ்டம், 150-ஐக் கடந்து போகும் அந்தச் சில விநாடியில் வருகிறது. அங்கே ஆட்டம் பலமடங்காகும். டேம்பர் நல்ல நிலையில் இருந்தால் 4 மி.மீ. ஆட்டம் 14 மி.மீ. ஆகும், தொட்டி பெட்டியில் இடிக்காது. டேம்பரின் பிடிப்பு மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிட்டால் அதுவே 4 செ.மீ.யைத் தாண்டும். பிழிய ஆரம்பிக்கும்போதும் நிற்கப்போகும்போதும் மட்டும் 'தடார் தடார்' என்று இடித்து, நடுவில் அமைதியாக ஓடும் மெஷின் என்றால் குறை டேம்பரில். முழு வேகத்திலும் ஆடினால் சுமை ஒரு பக்கம் சேர்ந்திருக்கிறது அல்லது ஒரு ஸ்பிரிங் போயிருக்கிறது. வேகம் ஏற ஏற 'கரகர' என்று உறுமினால் பேரிங். பழைய மெஷினுக்கும் புதிய மெஷினுக்கும் இந்தப் பகுப்பு பொருந்தும்.

கடையிலிருந்து வரும் இன்றைய ஃப்ரண்ட் லோட் மெஷினின் முதுகில் மூன்று நான்கு ட்ரான்சிட் போல்ட் இருக்கும். லாரியில் குலுங்காமலிருக்கத் தொட்டியைப் பெட்டியோடு பூட்டிவைப்பவை. அதைக் கழற்றாமல் ஓட்டினால் அது பூட்டிய பெண்டிக்ஸாகவே மாறிவிடும், ஆனால் 1,200 சுற்றில். அதே ஒரு கிலோ சுமை அப்போது 3,950 நியூட்டன், 400 கிலோ பாரம். ஒரே துவைப்பில் பேரிங்கும் பெட்டியின் வெல்டிங்கும் கெட்டுப்போகலாம்.

நுரை என்ற இன்னொரு எதிரி

துடுப்பு மெஷினில் துணி தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், நுரை மேலே மிதக்கும், யாருக்கும் தொந்தரவில்லை. கிடைமட்ட டிரம்மில் தண்ணீர் குறைவு, துணி ஒவ்வொரு சுற்றிலும் காற்றை அள்ளிக்கொண்டு விழுகிறது. அதனால் நுரை மிக வேகமாகப் பெருகும். அமெரிக்காவில் டைட் டிடர்ஜென்ட் தூள் 1946-ல் வந்தது. அழுக்கை நன்றாக எடுத்தது, கூடவே நுரையையும் அள்ளிக் கொட்டியது. நுரை பொங்கினால்தான் வெளுக்கும் என்று நம்பிய வீடுகளில் அதைப் பெண்டிக்ஸில் தாராளமாகப் போட்டார்கள்.

அளவு மீறினால் நடப்பது இதுதான். முதலில் துணி விழும்போது நுரை மெத்தையாகத் தாங்கிக்கொள்ளும், அடி விழாது, அழுக்கு போகாது. அடுத்து, வடிகட்டும் நேரத்தில் பம்ப் தண்ணீருக்குப் பதில் நுரையை இழுக்கும். காற்றுக் குமிழில் பம்பு வெறுமனே சுற்றும், தண்ணீர் தொட்டியிலேயே நிற்கும். அதற்கடுத்து, பிழியத் தொடங்கினால் டிரம்முக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள நுரை பிரேக் போல் பிடித்துக்கொள்ளும். வேகம் ஏறாது, மோட்டார் சூடாகும், பெல்ட் வழுக்கிக் கருகிய வாடை வரும். மேலே சோப்பு போடும் வாய் வழியாக நுரை பொங்கி வழிவது கண்ணில் படும் கடைசிக் கட்டம்.

இதற்காகவே குறைந்த நுரை தூள்கள் வந்தன. மான்சாண்டோ உருவாக்கிய ஆல் என்ற தூள் அவற்றில் முக்கியமானது, 1957-ல் அது லீவர் பிரதர்ஸ் கைக்கு மாறியது. அலசும்போது நுரை நின்றுவிட்டால் அந்தக் காலத்துக் கைவைத்தியம் ஒரு கரண்டி உப்பு அல்லது கொஞ்சம் வினிகர். டிடர்ஜென்ட் அல்லாத பழைய சோப்பின் நுரை வினிகருக்கு அடங்கும், இன்றைய டிடர்ஜென்ட் தூளின் நுரை அவ்வளவாக அடங்காது. நிறுத்தி, பத்து நிமிடம் நுரையை அடங்கவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் இரண்டு முறை அலசுவதே நிச்சயமான வழி.

சந்தையில் நடந்தது

போர்க்காலத்தில் அமெரிக்காவில் வீட்டு வாஷிங் மெஷின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. திரும்பத் தொடங்கியபோது 1947 வாக்கில் ஜெனரல் எலெக்ட்ரிக், வேர்ல்பூல் போன்றவை மேலிருந்து துணி போடும் தானியங்கி மெஷினைக் கொண்டுவந்துவிட்டன. செங்குத்து அச்சில் சுழலும் தொட்டியை ஸ்பிரிங்கில் தாங்குவது சுலபம். எந்தச் சோப்பும் போடலாம், தரையைத் துளைக்க வேண்டாம், நடுவில் மூடியைத் திறந்து விட்டுப்போன சட்டையைப் போடலாம். அமெரிக்கச் சந்தை அந்தப் பக்கம் சாய்ந்தது. பெண்டிக்ஸ் 1953-ல் டியோமேட்டிக் என்று துவைத்து உலர்த்தும் இரட்டை மெஷினைக்கூடக் கொடுத்தது. அதற்குள், 1950-லேயே, அது அவ்கோ நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது, 1956-ல் ஃபில்கோ நிறுவனம் வாங்கியது.

ஐரோப்பாவில் கதை வேறு. மேற்கு ஜெர்மனியில் 1951-ல் வந்த கான்ஸ்ட்ரக்டாவும் முன்கதவு வகைதான், அதையும் தரையோடுதான் பூட்ட வேண்டும், விலையோ 2,000 மார்க்கைத் தாண்டியது. ஆனால் அங்கே மெஷினுக்குள்ளேயே தண்ணீரைச் சூடாக்கும் வழக்கம் இருந்தது. குறைந்த தண்ணீரில் துவைக்கும் கிடைமட்ட டிரம் அதற்குப் பொருத்தம். அதனால் ஐரோப்பியர் டிரம்மைக் கைவிடாமல் போல்ட்டை மட்டும் ஒழித்தார்கள். கியர்பாக்ஸும் போயிற்று. ஒரே மோட்டாரில் இரண்டு வைண்டிங் (கம்பிச் சுற்று), பிழிய 2 துருவம், துவைக்க 12 அல்லது 16 துருவம். 50 ஹெர்ட்ஸில் 2 துருவம் 2,800 சுற்றையொட்டி ஓடும், 16 துருவம் 350-ஐ ஒட்டி. பெல்ட் ஒன்றே மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

எஞ்சியிருக்கும் மெஷினைச் சோதிக்கும் முறை

முதலில் பிளக்கைச் செருகக் கூடாது. அந்தக் காலத்து ரப்பர் உறை போட்ட வயர் மடக்கினாலே பொடிப்பொடியாக உதிரும். எல்லா வயரையும் மாற்றுவதே சரி. பல மெஷின்கள் எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கோடு வந்தவை. தண்ணீரும் இரும்புப் பெட்டியும் சேர்ந்த இடத்தில் இதை அப்படியே விடக் கூடாது. எர்த் வயர் சேர்த்து, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஈ.எல்.சி.பி. வழியாகத்தான் கொடுக்க வேண்டும். எண்ணெய் நிரப்பிய கெபாசிட்டர் ஏதாவது இருந்தால், அமெரிக்காவில் 1979-ல் உற்பத்தி தடைசெய்யப்பட்ட பி.சி.பி. எண்ணெய் அதில் இருக்கலாம். உடைக்கவோ திறக்கவோ கூடாது.

அடுத்து பேரிங். கதவைத் திறந்து டிரம்மின் மேல் உதட்டைப் பிடித்து மேலும் கீழும் தூக்குங்கள். பேரிங்கில் 0.2 மி.மீ. ஆட்டம் இருந்தாலே, அந்தர நீளத்தின் காரணமாக உதட்டில் ஒரு மில்லிமீட்டர் தெரியும். டிரம்மோடு தொட்டியும் சேர்ந்து அசைந்தால் அது பேரிங் ஆட்டமல்ல, பிடிமானம் தளர்ந்திருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றும்போது மணல் அரைவதுபோல் உணர்ந்தால் பேரிங் முடிந்தது.

பேரிங் தானாகச் சாவது அபூர்வம். தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்க முன்னாலிருக்கும் சீல்தான் கெட்டுப்போய் அதைக் கொல்கிறது. பளபளப்பான முகத்தின் மேல் ஸ்பிரிங் அழுத்தும் கார்பன் வளையம் என்றால், சோப்பு காய்ந்து படிந்த பொறுக்கோ ஒரு கீறலோ போதும், தண்ணீர் நுழைந்துவிடும். தொட்டியின் பின்புறம் தண்டுக்குக் கீழே துருக்கோடு வழிந்திருந்தால் சீல் எப்போதோ போய்விட்டது. சீலை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் அதே வேலை திரும்ப வரும். கழற்றும்போது தண்டின் முனையைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது, இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் போட வேண்டும். வேறு வழியே இல்லை என்றால் நட்டைப் பாதி முடுக்கி வைத்து, மரக்கட்டையை நடுவில் கொடுங்கள். ஏற்றும்போது தண்டில் ஏறும் பேரிங்கை உள்வளையத்தையும், கூட்டில் இறங்குவதை வெளிவளையத்தையும் அழுத்த வேண்டும். மாற்றி அழுத்தினால் புது பேரிங்கின் குண்டுகள் அங்கேயே பள்ளம் பறித்துவிடும்.

கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மின்னும் பொடி இருந்தால் பல் தேய்கிறது. உதிர்ந்த சில்லு இருந்தால் திறந்தே ஆக வேண்டும். எண்ணெயின் தரத்தை அந்த மாடலின் கையேட்டைப் பார்த்து மட்டும் முடிவுசெய்யுங்கள்.

மோட்டார் 'ம்ம்' என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும், கிளப்பும் வைண்டிங் சில விநாடிகளில் சூடேறிவிடும். பெல்ட்டைக் கழற்றிக் கையால் சுற்றிவிட்டால் ஓடுகிறது என்றால், வேகம் ஏறியதும் கிளப்பும் வைண்டிங்கைத் துண்டிக்க மோட்டாருக்குள் இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் காண்டாக்ட் பிடிக்காமல் இருக்கலாம். மாறாக அது ஒட்டிக்கொண்டு பிரியாமல் இருந்தால் மோட்டார் கிளம்பும், ஓடும், பிறகு புகையும்.

டைமர் பொறுமை கேட்கும் பாகம். மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் ஓடும் சின்ன சிங்க்ரனஸ் மோட்டார் ஒரு ஸ்பிரிங்கை மெல்ல முறுக்கும். குறித்த இடைவெளியில் அது விடுபட்டு, காண்டாக்ட்டுகளைத் திறந்து மூடும் கேம் தட்டுகள் 'டக்' என்று ஒரு பல் தாவும். மெதுவாக நகர்ந்தால் காண்டாக்ட் பிரியும்போது நீண்ட நேரம் பொறி பறந்து கரிந்துவிடும், அதற்காகவே இந்தத் தாவல். காண்டாக்ட்டை உப்புத்தாளால் தேய்த்தால் மேலிருக்கும் வெள்ளிப் பூச்சு போய்விடும். ஆல்கஹாலில் நனைத்த தடித்த தாளை நடுவில் விட்டு இழுத்தெடுத்தால் போதும்.

தண்ணீரை அளவு பார்த்து நிறுத்தாமல் நேரம் பார்த்து நிறுத்தும் மாடல்களில் வால்வுக்குள் ஓட்டையுள்ள ரப்பர் வட்டு இருக்கும். அழுத்தம் கூடினால் ஓட்டை சுருங்கும், குறைந்தால் விரியும், ஓட்டம் ஒரே அளவில் இருக்கும். ரப்பர் இறுகிப்போனால் இந்தச் சமாளிப்பு போய்விடும். குழாயைக் கழற்றி ஒரு நிமிடம் வாளியில் பிடித்து அளந்து பாருங்கள். குழாயைப் பாதி மூடி மறுபடி அளந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும்.

அமெரிக்க மெஷினை 50 ஹெர்ட்ஸ் நாட்டில் ஓட்ட நினைப்பவர்கள் 230-ஐ 115 ஆக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் முடிந்தது என்று எண்ணுகிறார்கள். முடியாது. மோட்டார் 1,725-க்குப் பதில் 1,425-ஐ ஒட்டி ஓடும். புரளும் வேகம் 48-லிருந்து 40-க்கு இறங்கும், துணி வழுக்கும். பிழியும் வேகம் 250, விசை 69 சதவீதம். டைமரும் மெதுவாகும், 30 நிமிட வேலைக்கு 36 நிமிடம். நேரம் பார்த்து நிரப்பும் மாடலில் 40 லிட்டருக்குப் பதில் 48 லிட்டர் வரும், ஆகவே வால்வு வழியே வரும் ஓட்டத்தை ஆறில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். 115 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் மோட்டாரின் இரும்பு நிறைந்து சூடாகும், 96 வோல்ட்டுக்குக் குறைக்க வேண்டும். ஓடும்போது 5 ஆம்பியர் எடுக்கும் மோட்டார் கிளம்பும்போது 25, 30 ஆம்பியர் இழுக்கும் என்பதால் ட்ரான்ஸ்ஃபார்மர் 2 கிலோ வோல்ட்-ஆம்பியருக்குக் குறையக் கூடாது. மோட்டார் புல்லியை 20 சதவீதம் பெரிதாக்கி வேகத்தை மீட்கலாம், ஆனால் மோட்டாருக்கு அந்த அளவு பாரம் கூடும். செலவு செய்ய முடிந்தால் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் சைன் அலை தரும் இன்வெர்ட்டரே எல்லாவற்றையும் ஒருசேரச் சரிசெய்யும்.

கடைசியாகப் பூட்டுவது. ரசமட்டம் வைத்து நான்கு மூலையும் சமமாக உட்கார வைத்தபின் போல்ட்டை இறுக்குங்கள். ஒரு கால் அந்தரத்தில் இருக்கையில் போல்ட்டால் இழுத்துச் சமன்செய்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். நட்டிலிருந்து தரைவரை பெயிண்டால் ஒரு நேர்க்கோடு போட்டுவிடுங்கள். முதல் ஓட்டம் துணியில்லாமல், அடுத்தது பல சிறு துணிகளாக இரண்டு கிலோ, அதற்கடுத்து முழுச் சுமையான நான்கு கிலோ. ஒவ்வொன்றுக்கும் பின் கோட்டைப் பாருங்கள். நட்டு நகர்ந்து கோடு முறிந்திருந்தால் இறுக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டாம் முறையும் முறிந்தால் போல்ட் இறங்கிய ஓட்டையைத் தோண்டிப் புதிதாக ஊற்ற வேண்டியிருக்கும்.